ஊருக்கு இறங்கும் முன்: பிரேக் டிஸ்க் கழற்றி மாட்டும் வேலை

மைசூரில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு ஊருக்குப் போவது என்றாலே மலையிறங்குவது என்றுதான் பொருள். எந்தப் பக்கம் புறப்பட்டாலும் தப்பிக்க முடியாது. சாமராஜநகர் வழியாகக் கோவைக்கோ ஈரோட்டுக்கோ போகிறவர்கள் ஆசனூரைத் தாண்டித் திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, பண்ணாரி அம்மன் கோயில் கோபுரம் தெரிந்த பிறகுதான் மூச்சு விடுகிறார்கள். மேட்டூர், சேலம் பக்கத்துக்காரர்கள் கொள்ளேகால் போய், மாதேஸ்வரன் மலை வழியாகப் பாலாற்றுக்கு இறங்குகிறார்கள். ஊட்டிக்குப் போகிறவர்கள் ஏறத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். ஏறியவர்கள் திரும்பி வரும்போது இறங்கித்தானே ஆக வேண்டும்! கல்லட்டி வழியாக மசினகுடிக்கு வந்தால் 36 வளைவுகள்.

மைசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சத்தியமங்கலம் நம்மைவிட 500 மீட்டருக்கும் மேல் கீழே. திப்பு சுல்தானின் படை 1790ல் கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கித்தான் சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயர்களோடு மோதியது. அன்று இறங்கியவை பீரங்கி வண்டிகளும் எருதுகளும். இன்று இறங்குவது நாம், நம் பிள்ளைகள், பின் டிக்கியில் நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழமும் மைசூர்பாகும்.

இந்த இறக்கம் முழுவதும் நம்மைப் பிடித்து நிறுத்துவது எது? பெரும்பாலும் முன் சக்கரங்களுக்குள் இருக்கும் இரண்டு இரும்புத் தட்டுகள். பிரேக் டிஸ்க் என்கிறார்களே, அவைதான். இஞ்சின் ஆயிலை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினோம் என்று நம் சங்கத்து அன்பர்களில் பலர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். டிஸ்க்கின் கனம் எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது, யாரும் எடுத்துக் காட்டுவதும் இல்லை.

நான் மெக்கானிக் இல்லை. ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இயந்திரம் என்றால் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாத வியாதி உண்டு, அவ்வளவுதான். இந்தக் கட்டுரைக்குக் காரணம் என் அக்கா மகன். இங்கே கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. போன தீபாவளிக்கு மனைவி, இரண்டு குழந்தைகள், என் அக்கா எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலத்துக்குப் புறப்பட்டான். திம்பத்தில் பாதி இறக்கம் வந்ததும் காருக்குள் தீய்ந்த வாடை. யாரோ காட்டில் குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் கால் உள்ளே போகிறது, வண்டி நிற்கவில்லை. பையன் பதறாமல் கியரை இரண்டுக்கும் பிறகு ஒன்றுக்கும் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப் பக்கத்து ஓரமாகச் சாய்த்து நிறுத்திவிட்டான். முன் சக்கரத்திலிருந்து புகை. குழந்தைகளின் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஊற்றப் போனவனை, பின்னால் வந்து நின்ற லாரிக்காரர் ஒருவர் தடுத்திருக்கிறார். "தம்பி, ஊத்தாதீங்க. வெடிச்சுப் போயிரும். ஒரு மணி நேரம் சும்மா விடுங்க." அந்த மனிதர் யாரோ, எந்த ஊரோ! நன்றாக இருக்க வேண்டும். சிவந்து காய்ந்திருக்கும் வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது விரிசல் விடும், அல்லது கோணிப் போகும்.

ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பிரேக் பழையபடி வந்துவிட்டது. முதல் கியரிலேயே ஊர்ந்து இறங்கி, பண்ணாரியிலிருந்து எனக்குப் போன் செய்தான். "மாமா, மெத்தைய மிதிச்ச மாதிரி போச்சு. இப்ப சரியா இருக்கு. ஒண்ணும் புரியல."

புரிய வைப்பது கடினமில்லை. 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால், அந்த உயரத்தில் அடங்கியிருந்த சக்தி எங்காவது போயாக வேண்டும். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அத்தனையும் சூடாக மாறுகிறது. கணக்குப் போட்டால், அந்தச் சூட்டில் 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் இறக்கம். அதாவது சுமார் 36 லிட்டர், மூன்று குடம் தண்ணீர் கொதிக்கிற சூடு. இதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது முன் சக்கரத்து டிஸ்க்குகள் இரண்டும். குடும்பமும் மூட்டை முடிச்சும் சேர்ந்தால் வண்டி 1,000 கிலோவோடு நிற்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சூடு டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து காலிப்பருக்கும், அங்கிருந்து உள்ளே இருக்கும் பிரேக் ஆயிலுக்கும் போகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்த பிறகு அதே ஆயிலுக்கு விதி கேட்பது 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். மிதிக்கிற அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடுகிறது. ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகி, ஒன்றுமே நடக்காதது போலப் பிரேக் திரும்பி வருகிறது. இதுதான் மெத்தையின் ரகசியம்.

ஆனால் திம்பத்தில் தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் இறங்குகின்றன. இவன் வண்டி மட்டும் ஏன் இப்படி ஆயிற்று? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவன் திரும்பி வந்த வாரம் சனிக்கிழமை, பன்னிமண்டபம் பக்கத்தில் எனக்குப் பழக்கமான மேஸ்திரியின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனோம்.

மேஸ்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய அப்பா யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1961ல் தொடங்கி 1996ல் மூடிய அந்தத் தொழிற்சாலையை மைசூர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜாவாவுக்கும் எஸ்டிக்கும் டிரம் பிரேக். அந்தக் காலத்து அம்பாசிடர், பியட் கார்களுக்கும் டிரம் பிரேக்தான். டிரம்மில் ஒரு மூடிய கிண்ணத்துக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து பிடிக்கும். சூடேறினால் கிண்ணம் விரிந்து ஷூவை விட்டு விலகும், உள்ளே அடைபட்ட சூடு வெளியேற வழியும் இல்லை. டிஸ்க் அப்படியல்ல. திறந்த வெளியில் சுற்றும் தட்டு. இரண்டு பக்கமும் பேடுகள் நாம் அப்பளத்தை இரண்டு விரலால் பிடிப்பதுபோலப் பிடிக்கின்றன. காற்றுப் பட்டு ஆறுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் கார் செய்துகொண்டிருந்த லான்செஸ்டர் என்பவர். 1902லேயே உரிமம் வாங்கிவிட்டார். ஆனால் உலோகத்தை உலோகம் பிடிக்கும்போது எழுந்த கிரீச்சலை யாராலும் சகிக்க முடியவில்லையாம். அரை நூற்றாண்டு கழித்து, 1953ல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் நாட்டில் சாதாரணக் குடும்பங்களுக்கு அதை வீட்டு வாசல்வரை கொண்டு வந்தது மாருதி. பிரேக் பாகங்களுக்கும் நமக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962ல் ஆரம்பிக்கப்பட்டது. நம் மைசூர் ஹூட்டகள்ளியிலும் லாரிகளுக்கான ஆக்சிலும் பிரேக்கும் செய்கிற பெரிய தொழிற்சாலை இருக்கிறது. சரி, பட்டறைக்கு வருவோம்.

மேஸ்திரி முதலில் செய்தது வண்டியைத் தூக்குவது அல்ல. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்தினார். தூக்கிய பிறகு முறுக்கினால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பிறகு ஜாக்கி. ஜாக்கியில் தூக்கியதும் அதை நம்பி விட்டுவிடாமல் இரும்பு ஸ்டாண்டு ஒன்றை அடியில் கொடுத்தார். இந்த ஸ்டாண்டைக் கொடுக்காமல் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்கிற பட்டறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் உங்கள் வண்டியை விடாதீர்கள். உங்களுக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பையனுக்காக.

சக்கரம் வந்துவிட்டது. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஒடித்தால் காலிப்பரின் பின்பக்கம் வேலைக்கு வாகாகத் தெரிகிறது. காலிப்பர் என்பது டிஸ்க்கைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கை. பின்பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு போல்ட். அவற்றை ரிங் ஸ்பானரால் கழற்றினார். கழற்றிய காலிப்பரை அப்படியே தொங்க விடக்கூடாது. அதன் எடை முழுவதும் ரப்பர் ஹோஸின் மேல் விழுந்து, உள்ளே கிழிசல் விடும். வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. ஒரு துண்டுக் கம்பியால் காலிப்பரை மேலே சஸ்பென்ஷன் சுருளோடு கட்டித் தொங்கவிட்டார். நான் இத்தனை வருடத்தில் தெரிந்துகொண்ட ஒரு அளவுகோல் இது: கம்பி எடுத்துக் கட்டுகிறவர் வேலை தெரிந்தவர்.

பேடுகள் இரண்டையும் உருவி எடுத்தார். உள்ளே குவிந்திருந்த கறுப்புத் தூசியை உதவிக்கு நின்ற பையன் ஊதப் போனான். மேஸ்திரி அவன் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டி, ஈரத்துணியை எடுத்துக் கொடுத்தார். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. எந்தப் பேடில் என்ன கலந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. எனவே எந்தத் தூசியையும் வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது காலிப்பரைத் தாங்கியிருந்த பிராக்கெட். இதன் போல்ட்டுகள் பெரியவை, இறுகியவை. நீளமான கைப்பிடி வேண்டும். அதுவும் வந்த பிறகு டிஸ்க் தனியாக ஹப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சில வண்டிகளில் ஒன்றிரண்டு சின்ன ஸ்க்ரூ அதைப் பிடித்திருக்கும். ஸ்க்ரூ இல்லாவிட்டாலும் கையால் இழுத்தால் வராது. மழையில் நனைந்து, சூட்டில் காய்ந்து, துருவே பசையாகி ஹப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் சுத்தியல் வேலை தொடங்கும் என்று எதிர்பார்த்தேன். மேஸ்திரி துரு இளக்கும் எண்ணெயை ஓரத்தில் விட்டுவிட்டு டீ சொல்லி அனுப்பினார். டீ குடித்து முடித்ததும் இரண்டு 8 மி.மீ. போல்ட்டுகளை எடுத்தார். டிஸ்க்கின் முகத்தில் வீல் போல்ட் துளைகளுக்கு இடையே மரை போட்ட இரண்டு சிறிய துளைகள் இருந்தன. பலருக்கு அவை எதற்கு என்றே தெரியாது. அந்தத் துளைகளில் போல்ட்டுகளைச் செலுத்தி, இதை அரைச் சுற்று, அதை அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினார். போல்ட்டின் நுனி ஹப்பில் முட்டி, டிஸ்க்கை வெளியே தள்ளுகிறது. "டக்" என்று ஒரு சத்தம். டிஸ்க் கையோடு வந்துவிட்டது. எல்லா வண்டியிலும் இந்தத் துளைகள் இருக்காது. சில வண்டிகளில் டிஸ்க்கும் ஹப்பும் சேர்த்தே முடுக்கப்பட்டிருக்கும், ஹப்பையே இழுத்து எடுக்க வேண்டியிருக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தையோ கம்பெனியின் சர்வீஸ் கையேட்டையோ பார்க்காமல் சுத்தியலைத் தூக்குவது, பல் வலிக்குத் தாடையில் அடிப்பது போன்றது.

டிஸ்க்கைத் துடைத்து, மேஸ்திரி அதன் விளிம்பைத் திருப்பிக் காட்டினார். அச்சில் வார்த்த எழுத்துகள். குறைந்தபட்சக் கனம் 15 மி.மீ. என்று இருந்தது.

"சார், இதுலேயே எழுதி வெச்சிருக்கான். நாமதான் படிக்கிறதில்ல."

மைக்ரோமீட்டரை எடுத்து, விளிம்பில் அல்ல, பேடு தேய்க்கும் பாதையில் வைத்து, சுற்றிலும் ஏழெட்டு இடங்களில் அளந்தார். விளிம்பில் தேயாத ஒரு வரப்பு நின்றிருக்கும். அங்கே அளந்தால் டிஸ்க் நன்றாக இருப்பதாகப் பொய் சொல்லும். கண்ட அளவு 13.9 மி.மீ. இன்னொரு பக்கத்து டிஸ்க் 14.1.

அக்கா மகன் பழைய பில் ஒன்றைப் பர்சிலிருந்து எடுத்தான். ஆறு மாதத்துக்கு முன் பிரேக் அடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று ஓரிடத்தில் காட்டியிருக்கிறான். "டிஸ்க் கடைசல்" என்று கூலி போட்டிருந்தார்கள். அதாவது லேத்தில் மாட்டி இரு பக்கமும் சீவி மேடு பள்ளத்தைச் சமன் செய்திருக்கிறார்கள். கடைவது தவறல்ல. கனம் மிச்சமிருக்கும்போது கடைந்தால் பணம் மிச்சம். ஆனால் கடைந்த பிறகும் அந்த 15 மி.மீ.க்கு மேல், தேய்வதற்கும் கொஞ்சம் கனம் மீதி நிற்க வேண்டும். அந்தக் கணக்கைப் பார்க்காமல் கடைந்து மாட்டிவிட்டார்கள். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. நடுக்கம் போய்விட்டது, பிரேக் கச்சிதம். அவனும் திருப்தியாக இருந்திருக்கிறான்.

கனம் குறைந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அடுப்பில் மெல்லிய அலுமினியப் பாத்திரத்தையும் கனத்த இரும்புக் கல்லையும் வைத்துப் பாருங்கள், எது சட்டென்று சூடேறுகிறது? அதே மூன்று குடம் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு குறைவாக இருந்தால், அந்த இரும்பு இன்னும் அதிகமாகக் கொதிக்கிறது. பேடு தீய்கிறது, ஆயில் சீக்கிரம் கொதிக்கிறது, விரிசல் விழுகிறது. டிஸ்க்கும் பேடும் இரண்டுமே மெலிந்திருந்தால் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே நீள வேண்டியிருக்கும். கர்நாடகத்தில் இத்தனை வருடம் இருந்து நாமும் எல்லாவற்றுக்கும் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று பழகிவிட்டோம். பஸ்ஸில் இடம் கேட்க அது நல்ல வார்த்தை. இந்த 15 மி.மீ. மட்டும் அட்ஜஸ்ட் ஆகாது.

ஆயிலையும் பார்த்தார். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது கருங்காப்பி. மாற்றி எத்தனை வருடமோ. மெலிந்த டிஸ்க், ஈரம் ஏறிய ஆயில், நான்காம் கியரில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கியது, மூன்றும் சேர்ந்து அந்த வளைவில் வேலையைக் காட்டியிருக்கின்றன.

புது டிஸ்க் வாங்கி வர நானும் அவனும் போனோம். இரண்டு பக்கத்துக்கும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். பேடுகளும் புதிது. பழைய பேடு பழைய டிஸ்க்கின் தேய்மானத்துக்கு ஏற்பக் குழிந்திருக்கும், புது முகத்தில் ஒட்டி உட்காராது. பெட்டியில் பாக எண், உற்பத்தியாளர் பெயர், டிஸ்க்கின் மேலேயே வார்த்த எழுத்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். "அதே தான் சார், பாதி விலை" என்று கடைக்காரர் உள்ளேயிருந்து எடுத்து வரும் எழுத்தில்லாத தட்டை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும் வேலை கழற்றியதன் தலைகீழ் என்பார்கள். முழுவதும் அப்படியல்ல. டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் மேஸ்திரி பளபளவென்று ஆகும்வரை தேய்த்தார். இந்தக் கால் மணி நேரத்தைத்தான் பல பட்டறைகளில் மிச்சம் பிடிக்கிறார்கள். ஹப்பில் ஒரு துளி துரு தங்கினால் டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்காரும். நடுவில் மயிரிழை என்றால் விளிம்பில் அது பெருகும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் தள்ளாட்டம் பொதுவாக 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்து, ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கும். பிறகு "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று சொல்லி மறுபடி லேத். அக்கா மகனுடைய பழைய நடுக்கத்துக்கே அந்தத் துருதான் காரணமாக இருந்திருக்கும் என்பது மேஸ்திரியின் யூகம். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

புது டிஸ்க்கின் மேல் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய்ப் பூச்சு கொடுத்திருப்பார்கள். அதைப் பிரேக் கிளீனரால் முழுவதும் கழுவித் துடைத்த பிறகுதான் மாட்டினார். கழுவிய பிறகு முகத்தில் கை படக்கூடாது, விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும், நாம் இசைத்தட்டைப் பிடித்தோமே அப்படி. காலிப்பரின் வழுக்குப் பின்களைத் துடைத்து அதற்கென்றே உள்ள கிரீஸைத் தடவினார். சாதாரண கிரீஸ் சூட்டில் உருகிப் பேடில் வழியும், ரப்பரையும் கெடுக்கும். பின் இறுகிக்கொண்டால் பேடு டிஸ்க்கை விடாது, ஓடிக்கொண்டே தேய்க்கும்.

புதுப் பேடு கனமானது. அதற்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது மேலே ஆயில் டப்பாவில் மட்டம் உயர்ந்து வழியும். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும், பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். முன்கூட்டியே கொஞ்சம் எடுத்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. இந்த வண்டியில் எப்படியும் ஆயில் முழுவதையும் மாற்றினோம். சீல் உடைக்காத புது டப்பா. திறந்து வைத்து மிச்சமிருந்த பழைய டப்பா, எவ்வளவு நிறைய இருந்தாலும், அது ஏற்கெனவே ஈரம் குடித்த சரக்கு.

சக்கரத்தை மாட்டி நட்டுகளை வரிசையாக அல்ல, எதிரெதிராக முடுக்கினார். இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் புத்தகத்தில் போட்ட அளவுக்கு இறுக்கினார். குழாயின் மேல் ஏறி நின்று மிதித்து இறுக்குவது வீரமாகத் தெரியலாம். அப்படி ஒழுங்கில்லாமல் இறுக்கியும் டிஸ்க்கைக் கோணவைக்க முடியும். பிறகு வண்டியை நகர்த்துவதற்கு முன், பிரேக்கைப் பலமுறை மிதித்தார். முதல் நாலைந்து மிதிக்குக் கால் தரைவரை போகிறது. பிஸ்டன் வெளியே வந்து பேடு டிஸ்க்கைத் தொட்ட பிறகுதான் மிதி கல்லாகிறது. இதை மறந்து வண்டியை எடுத்துப் பட்டறைச் சுவரில் முட்டியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நான் எழுதியிருப்பதெல்லாம் முன் சக்கர டிஸ்க் மட்டும். பின்னாலும் டிஸ்க் வைத்து, பட்டனை அழுத்தினால் பிடிக்கும் எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் உள்ள புது வண்டிகளில் பின்பக்கத்தைக் கம்ப்யூட்டர் இல்லாமல் தொடக்கூடாது. முன்பக்கத்தையும் நீங்களே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் மைக்ரோமீட்டரும் இல்லாத வீட்டில் செய்யக்கூடாது என்றே சொல்வேன். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். "டிஸ்க்கில் போட்டிருக்கும் அளவு என்ன, இப்போது இருப்பது என்ன, இரண்டையும் பில்லில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். நல்ல மேஸ்திரி சந்தோஷமாக எழுதிக் கொடுப்பார். முகம் சுளிக்கிறவரிடம் வண்டியை விட வேண்டாம்.

இறங்கும் விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இன்றைக்கும் சரிதான். இஞ்சின் பிடித்துக்கொண்டால் மூன்று குடம் சூட்டில் பெரும்பகுதி பிரேக்குக்குப் போகாது. நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிப்பவர்கள் அத்தனையையும் டிஸ்க்கின் தலையில் கட்டுகிறார்கள். பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 மணிக்குச் சாலையை மூடுகிறார்கள், திம்பத்திலும் 2022லிருந்து இரவுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கேட் மூடுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று அந்தி நேரத்தில் விரட்டுகிற வண்டிகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே புறப்பட்டுவிடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் டிஸ்க் மாற்றுவதாக இருந்தால் மார்கழி பாதிக்குள் மாற்றிவிடுங்கள். புது டிஸ்க்கும் புதுப் பேடும் ஒன்றோடொன்று பழக முதல் 300 கிலோமீட்டராவது நிதானமாக ஓட்ட வேண்டும். அதுவரை திடீரென்று அழுத்தி மிதிப்பதும் நீண்ட இறக்கமும் கூடாது. அக்கா மகன் இரண்டு வாரம் அலுவலகத்துக்கும் நஞ்சன்கூட்டுக்குமாக ஓட்டிப் பழக்கினான். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சாமுண்டி மலைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போய், இரண்டாம் கியரில் இறங்கினான். அடிவாரத்தில் நிறுத்திச் சக்கரத்தருகே குனிந்து மோந்து பார்த்தேன். வாடை இல்லை. அடுத்த வாரம் அக்காவைச் சத்தியமங்கலத்திலிருந்து அழைத்து வரப் போனான்.